பருத்தி எடுக்கும் இயந்திரம் வருவதற்கு ஏன் இத்தனை காலம் பிடித்தது?

கேள்வி: பழையாற்றுக்காரன், பூதப்பாண்டி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஏலாவில், அதாவது வயல்வெளியில், மாசிக் கடைசியில் கும்பப்பூ அறுப்பு முடிந்தது. பெல்ட் வண்டி வயலில் இறங்கி, நின்ற நெல்லை அறுத்து, அடித்து, தூற்றி, மணியை மட்டும் டிராக்டர் பெட்டியில் கொட்டிவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விட்டது. என் தகப்பனார் காலத்தில் அறுப்பு, கட்டுச் சுமப்பு, களத்தில் சூடடிப்பு, பொலி தூற்றல் என்று ஒரு வாரம் ஆள் பட்டாளமே நின்ற வேலை இது.

அதற்கடுத்த வாரம் ஒரு திருமணத்துக்காக விளாத்திகுளம் பக்கம் போக நேர்ந்தது. வழியில் ஒரு கரிசல் காட்டில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசை பிடித்து, இடுப்பில் மடி கட்டிக்கொண்டு, வெடித்த பருத்தியைக் கையால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நம் குமரி மாவட்டத்தில் நெல், வாழை, தென்னை, ரப்பர் என்று எல்லாம் உண்டு. பருத்திக் காடு மட்டும் கண்ணில் படுவதில்லை என்பதால், அறுபது வயதில்தான் இதை நின்று பார்த்தேன்.

ஊர் திரும்பிய பிறகு கொஞ்சம் படித்துப் பார்த்தபோது குழப்பம் கூடிவிட்டது. பஞ்சையும் விதையையும் பிரிக்கும் எலி விட்னியின் ஜின் இயந்திரத்துக்கு 1794இலேயே காப்புரிமை கிடைத்திருக்கிறது. சைரஸ் மெக்கார்மிக்கின் கோதுமை அறுவடை இயந்திரம் 1831இல் வயலில் ஓடிக் காட்டியிருக்கிறது. ஆனால் பருத்தி எடுக்கும் இயந்திரம் 1940களில்தான் விற்பனைக்கு வந்ததாகப் போட்டிருக்கிறார்கள். பருத்தியால் செழித்த நாடு, இயந்திரம் செய்வதில் சளைக்காத நாடான அமெரிக்கா, இந்த ஒரு வேலையில் மட்டும் நூறு ஆண்டுக்கு மேல் தடுமாறியது எதனால்? அந்த இயந்திரம் வந்ததால்தான் அந்நாட்டின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் இலட்சக்கணக்கானோர் ஊரைவிட்டுப் போனார்கள் என்று சொல்வது உண்மைதானா? விவரம் அறிந்தவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.


மறுமொழி 1: ஏட்டுச்சுவடி, கோட்டாறு

ஐயா, உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. நெல்லும் கோதுமையும் வயல் முழுக்க ஒரே நேரத்தில் முற்றும். அடியோடு அறுத்தால் போதும், மற்றதைக் களம் பார்த்துக்கொள்ளும். பருத்திச் செடியிலோ ஒரே நாளில் மேலே பூ இருக்கும், நடுவில் பச்சைக் காய் இருக்கும், கீழே வெடித்த சுளை தொங்கும். வெடித்ததை மட்டும் எடுக்க வேண்டும், பச்சைக் காயைத் தொடக் கூடாது, கிளையை ஒடிக்கவும் கூடாது. இது அறுப்பு வேலை அல்ல, தோவாளையில் பூ எடுப்பதைப் போன்ற வேலை. கண்ணும் விரலும் சேர்ந்து செய்வதை இரும்பைக் கொண்டு செய்விக்க வேண்டியிருந்தது.

முயற்சி இல்லாமல் போகவில்லை. மெம்ஃபிஸ் நகரைச் சேர்ந்த சாமுவேல் ரெம்பர்ட், ஜெடிடையா பிரெஸ்காட் என்ற இருவர் 1850 செப்டம்பரிலேயே ஒரு பருத்தி எடுப்பு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். அதன் பிறகு நூற்றுக்கணக்கான காப்புரிமைகள் வந்தன. காற்றை உறிஞ்சிப் பஞ்சை இழுக்கப் பார்த்தவர்கள் உண்டு, மின்சாரத்தால் ஈர்க்கப் பார்த்தவர்கள்கூட உண்டு. சீப்பைப் போன்ற பற்களால் செடியையே உருவிவிடும் இயந்திரத்துக்கு 1871இல் ஜான் ஹியூஸ் காப்புரிமை பெற்றார். இந்த உருவும் முறைதான் பின்னாளில் டெக்சாசின் உயர்சமவெளியில் நிலைத்தது. அங்கே செடி குட்டையாக வளரும், காய் ஓட்டோடு இறுகப் பிடித்திருக்கும், பனி விழுந்ததும் இலையும் கருகிவிடும். 1914 வாக்கில் அங்குள்ள விவசாயிகள் பலகைச் சட்டத்தில் பற்களைப் பொருத்தி, குதிரையைப் பூட்டி, சறுக்குவண்டி மாதிரி இழுத்தே பருத்தியை உருவியிருக்கிறார்கள்.

வெடித்ததை மட்டும் எடுக்கும் இயந்திரத்தின் வரலாறு இரண்டு கிளையாகப் போகிறது. முதல் கிளை ஆங்கஸ் காம்பெல் என்ற சிகாகோ பொறியாளருடையது. 1880களில் டெக்சாசில் கைப்பருத்தி எடுப்பைப் பார்த்த அவர், சுழலும் கதிர் ஒன்றைச் செடிக்குள் நுழைத்தால் பஞ்சு அதில் சுற்றிக்கொள்ளும் என்று கண்டு, 1895இல் காப்புரிமை பெற்றார். நாஞ்சில் நாட்டில் கதிர் என்றால் நெற்கதிர்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது ராட்டையில் நூல் சுற்றும் கதிரை. அவருக்குப் பின் வந்தவர்களின் உரிமைகளை 1924இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் வாங்கிக்கொண்டது.

இரண்டாவது கிளை ஜான் ரஸ்ட், மாக் ரஸ்ட் என்ற சகோதரர்களுடையது. சிறு வயதில் டெக்சாசில் தானே பருத்தி எடுத்து வளர்ந்தவர் ஜான். முள் வைத்த கதிரில் பஞ்சு நன்றாகச் சுற்றும், ஆனால் எளிதில் கழலாது என்பது அக்காலத்துப் பெரிய சிக்கலாக இருந்தது. 1927இல் ஓர் இரவு அவருக்குப் பாட்டியின் ராட்டை நினைவுக்கு வந்திருக்கிறது. நூல் பிடிப்பதற்காகப் பாட்டி கதிரை நனைத்துக்கொள்வார். உடனே எழுந்து ஓர் ஆணியை நனைத்துப் பஞ்சில் சுழற்றிப் பார்த்தார், பஞ்சு ஒட்டிக்கொண்டது. வழவழப்பான ஈரக் கம்பி போதும், முள் தேவையில்லை என்பதே அவருடைய கண்டுபிடிப்பு. 1933இல் காப்புரிமை கிடைத்தது. 1936 ஆகஸ்ட் 31 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் ஸ்டோன்வில் ஆய்வுப் பண்ணையில் அதை ஓட்டிக் காட்டியபோது வந்த செய்தி நாடு முழுவதையும் கலக்கியது. இதைக் கொண்டுபோய் மிசிசிப்பி ஆற்றில் போடுங்கள் என்று அம்மாநில நாளிதழ் ஒன்றே எழுதியது.

ஆனால் கடையில் முதலில் விற்பனைக்கு வந்தது ரஸ்டின் இயந்திரம் அல்ல. அது வயலில் அடிக்கடி பழுதானது, பெருமளவில் செய்யப் பணமும் இல்லை. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1942இல் தன் இயந்திரம் தயார் என்று அறிவித்தது. 1944 அக்டோபர் 2 அன்று மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல் அருகேயுள்ள ஹாப்சன் தோட்டத்தில் எட்டுச் சிவப்பு இயந்திரங்கள் ஓடியதைக் காண மூவாயிரம் பேர் வரை திரண்டார்கள். கையால் மணிக்கு இருபது பவுண்டு எடுப்பவர் நல்ல வேலைக்காரர் என்ற இடத்தில், இயந்திரம் ஆயிரம் பவுண்டு வரை எடுத்தது. ஒரு பேல், அதாவது ஒரு பஞ்சுப் பொதி அளவுக்குப் பருத்தி எடுக்க இயந்திரத்துக்கு 5.26 டாலர், கைக்கு 39.41 டாலர் என்று தோட்டக்காரர் கணக்கு வைத்திருந்தார். இத்தனைக்கும் பிறகும், 1950இல் அமெரிக்கப் பருத்தியில் பத்தில் ஒரு பங்குகூட இயந்திரத்தால் எடுக்கப்படவில்லை. 1960 வாக்கில் பாதி, 1970களின் தொடக்கத்தில் ஏறத்தாழ முழுவதும் என்றுதான் அது நகர்ந்தது.

இயந்திரத்தின் உள்ளே எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வண்டி முன்னோக்கிப் போகிறது. கதிர்கள் பொருத்திய உருளையோ செடியைத் தொடும் இடத்தில் அதே வேகத்தில் பின்னோக்கிச் சுழல்கிறது. ஓடும் பேருந்துக்குள் ஒருவர் அதே வேகத்தில் பின்பக்கமாக நடந்தால், வெளியே நிற்பவர் கண்ணுக்கு அவர் நகராமல் நிற்பார் அல்லவா, அதைப்போல் செடியின் பார்வையில் கதிர் நேரே உள்ளே வந்து, நின்ற இடத்திலேயே சுழன்று, நேரே வெளியே போகிறது. கிளை ஒடியாததற்கு இதுவே காரணம். பிறகு ரப்பர் தட்டுகள் கதிரிலிருந்து பஞ்சை உருவிவிட, காற்று அதைக் கூடைக்கு ஊதித் தள்ளுகிறது.


மறுமொழி 2: மிக்ஸிங் மேஸ்திரி, ஆரல்வாய்மொழி

ஏட்டுச்சுவடி அவர்கள் வயலோடு நிறுத்திவிட்டார். நான் நூற்பாலையில் பஞ்சைக் கலந்து, பிரித்து, சுத்தம் செய்யும் மிக்ஸிங், புளோரூம் பகுதிகளில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், வயலுக்கு அப்பால் நடந்ததை எழுதுகிறேன். தாமதத்துக்கு அதுவும் பெரிய காரணம்.

கை எடுப்பது சுளையை மட்டுமே. இயந்திரம் இலைச் சருகு, குச்சி, காயோடு என்று கையில் அகப்பட்டதையெல்லாம் சேர்த்துக்கொண்டு வரும். சுத்தமாகக் கையால் எடுத்த பருத்தியில் ஏறக்குறைய 1,500 பவுண்டு அரைத்தால், அதாவது விதையைப் பிரித்தால், ஒரு பேல் பஞ்சு கிடைக்கும். உருவி எடுத்த பருத்தியில் அதற்கு 2,000 பவுண்டுக்கு மேல் வேண்டும். மிச்சமெல்லாம் குப்பை. ஆகவே இயந்திரம் வயலில் வென்றாலும், அரவை ஆலை மாறாதவரை அந்தப் பருத்தியை வாங்க ஆள் இல்லை. ஈரம் போக்கும் உலர்த்திக் கோபுரம், குச்சி பிரிக்கும் இயந்திரம், அரைத்த பிறகு பஞ்சையே மறுபடி சீவிச் சுத்தம் செய்யும் பொறி என்று ஜின்னிங் ஆலைக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்க வேண்டியிருந்தது. அதற்கும் விலை உண்டு: அதிகம் சீவினால் இழை உடையும், குட்டை இழை கூடும், நெப்ஸ் என்று நாங்கள் சொல்லும் சிறு முடிச்சுகள் பெருகும். இழைகளைச் சீவி நேராக்கும் கார்டிங்கில் நிற்பவனுக்குத்தான் அந்தத் தலைவலி தெரியும்.

செடி தரப்பிலும் ஒன்று நடந்தது. பச்சை இலை கதிரில் பட்டால் பஞ்சில் பச்சைக் கறை பிடித்துவிடும். அதனால் எடுப்பதற்கு முன் இலையை உதிர்க்க வேண்டும். 1930களின் இறுதியில், உரமாகத் தூவிய கால்சியம் சயனமைடு தூள் பனி ஈரத்தோடு இலையில் படிந்தபோது இலை உதிர்ந்ததைத் தற்செயலாகக் கவனித்தார்கள். இலை உதிர்க்கும் மருந்துகளின் தொடக்கம் அதுதான். இந்த மருந்து இல்லையென்றால் அந்தச் சிவப்பு வண்டிகள் பாதிக் காலம் கொட்டகையிலேயே நின்றிருக்கும் என்பது என் எண்ணம்.

எடுத்த பருத்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் நெடுநாள் இழுத்த சிக்கல். இயந்திரம் எடுக்கும் வேகத்துக்கு ஆலை அரைக்க முடியாமல், வாசலில் வண்டிகள் நாள்கணக்கில் காத்துக்கிடந்தன. 1970களின் தொடக்கத்தில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் லாம்பர்ட் வில்க்ஸ், பருத்தியை வயலோரத்திலேயே அமுக்கி முழு ரொட்டி வடிவில் பெரிய கட்டாக வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். இப்போதைய வண்டிகளோ எடுக்கும்போதே உருளையாகச் சுருட்டி, பிளாஸ்டிக் தாளும் சுற்றி வயலில் இறக்கிவிடுகின்றன.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் நாட்டுப் பருத்தி கையால் எடுத்தது, எனவே சுத்தமானது என்று வெளியாள் நினைப்பான். ஆனால் நாங்கள் பேலைப் பிரித்தால் சாக்கு நார், உரப்பை இழை, தலைமுடி, சேலை நூல், கோழி இறகு என்று பொறுக்கிக்கொண்டே இருப்போம். அதற்கென்றே பெண்களை வரிசையாக உட்கார வைத்திருந்தோம். குப்பையை இயந்திரம் நீக்கும், உரப்பை இழையை நீக்காது, அது சாயத்தில் போய்த்தான் காட்டிக்கொடுக்கும். அமெரிக்கப் பருத்தியில் இந்தத் தொல்லை இல்லை என்று பெருமை பேசியவர்களுக்கும், உருளையில் சுற்றும் தாள் கிழிந்து பஞ்சோடு கலக்கத் தொடங்கிய பிறகு, அதே வேதனை வந்து சேர்ந்துவிட்டது.


மறுமொழி 3: கரிசல் மருமகள், நாகர்கோவில்

பழையாற்றுக்கார அண்ணாச்சிக்கு வணக்கம். நான் பிறந்தது எட்டயபுரம் பக்கம், வாழ்க்கைப்பட்டது இங்கே. நீங்கள் பேருந்தில் போகும்போது பார்த்த வேலையைப் பள்ளிக்கூட விடுமுறைகளில் நானும் செய்திருக்கிறேன் என்பதால், அந்த மடியைப் பற்றி இரண்டு வார்த்தை எழுதலாம் என்று தோன்றியது.

காலை ஏறுவெயிலுக்கு முன் காட்டில் இறங்க வேண்டும், ஆனால் பனி ஈரம் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு எடுத்துக் குவித்தால் பருத்தி பழுத்துவிடும் என்று அம்மா திட்டுவார்கள். காயின் ஓடு காய்ந்து நுனி ஊசியாக நிற்கும், நகக்கண்ணில் ஏறும். நல்ல சுளை ஒரு மடி, பூச்சி விழுந்த கொட்டுப் பருத்தி ஒரு மடி என்று காட்டிலேயே தரம் பிரித்துவிடுவோம். கூலி கிலோக் கணக்கில் என்பதால் அவசரம் இருக்கும். அவசரத்தில் சருகு ஒட்டினால் பேச்சு வாங்க வேண்டியிருக்கும். ஒரே காட்டில் மூன்று நான்கு முறை எடுப்போம். இத்தனை தரம்பிரிப்பை ஒரே ஓட்டத்தில் ஓர் இயந்திரம் செய்துவிடும் என்றால் எனக்கு இன்றும் முழு நம்பிக்கை வரவில்லை. உண்மையில் அது செய்வதில்லை. செடியைத் தன் வசதிக்கு மாற்றிக்கொள்கிறது.

இங்கே அது வராததற்கும் அதுதான் காரணம். 1970இல் குஜராத்தில் சி. டி. பட்டேல் எச்-4 என்ற வீரிய ஒட்டு ரகத்தைக் கொண்டுவந்த பிறகு, நம் நாடு ஒட்டுப் பருத்தியிலேயே நடக்கத் தொடங்கியது. விதை விலை கூடுதல் என்பதால் மூன்றடி, நான்கடி இடைவெளி விட்டு நடுவார்கள். செடி ஆள் மறையப் புதராக வளர்ந்து மாதக்கணக்கில் காய்த்துக்கொண்டே இருக்கும். அந்தப் புதருக்குள் எந்தக் கதிர் நுழையும்? இயந்திரத்துக்கு வேண்டியது குட்டையான, ஒடுங்கிய, ஒரே சமயத்தில் வெடிக்கும் செடி. நாகபுரியிலுள்ள மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையம் சூரஜ் போன்ற ஒட்டல்லாத ரகத்தை 60க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கி நட்டுப் பார்த்ததும், வளர்ச்சியை அடக்கும் மருந்து தெளித்துச் செடியைக் குட்டையாக வைத்துப் பார்த்ததும் இந்த வழியில்தான்.

நிலத்தின் அளவும் இருக்கிறது. ஆறு வரிசையை ஒரே நேரத்தில் எடுக்கும் வண்டி எங்கள் ஊரில் ஒரு குடும்பத்துக்கு இருக்கும் இரண்டு ஏக்கரில் திரும்பவே இடம் போதாது. பேட்டரியில் ஓடும் கைக்கருவி ஒன்று வந்திருக்கிறது. என் தம்பி ஒன்று வாங்கினான். கை வலி குறைந்ததே தவிர, அது சருகையும் சேர்த்து இழுக்கிறது, பழகிய கையைவிடப் பெரிதாக முந்தவும் இல்லை என்று இப்போது அதைப் பரணில் போட்டுவிட்டான்.


பழையாற்றுக்காரன்:

மூவருக்கும் நன்றி. கரிசல் மருமகள் சொன்ன 'செடியைத் தன் வசதிக்கு மாற்றிக்கொள்கிறது' என்ற வரியை நான் நெல்லோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பழைய நாட்டு ரகங்கள் இருந்த காலத்தில் ஆளுயரத் தாள் சாய்ந்து கிடக்கும். குட்டை ரகங்கள் வந்த பிறகல்லவா பெல்ட் வண்டி இத்தனை எளிதாக ஓடுகிறது!

ஆனால் என் கடைசிக் கேள்வி அப்படியே நிற்கிறது. மக்களை வெளியேற்றியது இயந்திரமா?


மறுமொழி 4: ஏட்டுச்சுவடி, கோட்டாறு

மன்னிக்க வேண்டும் ஐயா, அதை விட்டுவிட்டேன். 1940க்கும் 1970க்கும் இடையில் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் கறுப்பின மக்கள் தென்மாநிலங்களைவிட்டு சிகாகோ, டெட்ராய்ட் போன்ற வட நகரங்களுக்கும் மேற்குக் கரைக்கும் போனார்கள். ஹாப்சன் தோட்டத்துக் காட்சிக்குப் பிறகு இது நடந்ததால், ஒன்றுக்கு மற்றது காரணம் என்று எழுதுவது எளிது. ஆனால் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அது அவ்வளவு நேராக இல்லை.

முதல் உலகப்போர்க் காலத்திலேயே, அதாவது பருத்தி எடுக்கும் இயந்திரம் ஒன்றுகூட விற்காத நாளிலேயே, வடக்கே போவது தொடங்கிவிட்டது. தொழிற்சாலைக் கூலி இழுத்தது. இனவெறிச் சட்டங்களும் வன்முறையும் தள்ளின. அடுத்து 1933ஆம் ஆண்டின் வேளாண் சட்டத்தின்படி, பருத்திப் பரப்பைக் குறைத்த நில உடைமையாளருக்கு அரசு பணம் கொடுத்தது. விளைச்சலில் பங்குக்கு உழுத வாரக்குடிகளுக்குச் சேர வேண்டிய பங்கைப் பலர் கொடுக்கவில்லை, குடிகளையே வெளியேற்றி, அந்தப் பணத்தில் டிராக்டர் வாங்கினார்கள். 1934இல் ஆர்கன்சாவில் தென்மாநிலக் குத்தகை விவசாயிகள் சங்கம் தோன்றியது இந்த வெளியேற்றத்தை எதிர்த்துத்தான். போர் வந்ததும் ஆள் பற்றாக்குறை வந்தது, கூலி ஏறியது, இயந்திரத்துக்கு அப்போதுதான் கிராக்கி பிறந்தது. ஆகவே ஆள் போனதால் இயந்திரம் வந்தது என்று சொல்லும் பொருளியல் வரலாற்றாளர்களும் இருக்கிறார்கள். 1950களின் பின்பகுதிக்கு மட்டும் தலைகீழ்க் கூற்று பொருந்தும் என்பது என் கருத்து. அதுவரை எடுக்க இயந்திரம் இருந்தும் களை வெட்ட ஆள் வேண்டியிருந்ததால் குடிகளை வைத்திருந்தார்கள். களைக்கொல்லி பரவிய பிறகு அந்தத் தேவையும் போயிற்று.

ரஸ்ட் சகோதரர்கள் இதை முன்பே அஞ்சினார்கள். பொதுவுடைமைச் சார்புள்ள அவர்கள், குறைந்தபட்சக் கூலி தருவோம், குழந்தைகளை வேலைக்கு வைக்க மாட்டோம் என்று ஒப்புக்கொள்ளும் பண்ணைகளுக்கு மட்டும் இயந்திரத்தை வாடகைக்கு விடலாம் என்றுகூடத் திட்டமிட்டார்கள். எதுவும் நடக்கவில்லை. கடனில் முழுகி, உரிமத்தைப் பிறருக்குக் கொடுத்தார்கள். 1949 முதல் ஆர்கன்சாவில் ரஸ்ட் இயந்திரத்தைச் செய்து விற்ற பென் பியர்சன், அதுவரை வில்லும் அம்பும் செய்து பேர் வாங்கியவர்.


மறுமொழி 5: மிக்ஸிங் மேஸ்திரி, ஆரல்வாய்மொழி

ஒரு சிறு சேர்க்கை. இயந்திரம் ஒருமுறை வந்தால் திரும்பிப் போகாது என்று எண்ண வேண்டாம். சோவியத் காலத்தில் தாஷ்கண்ட் தொழிற்சாலையில் செங்குத்துக் கதிர் வைத்த பருத்தி இயந்திரங்களை ஆயிரக்கணக்கில் செய்து உஸ்பெக்கிஸ்தான் வயல்களில் ஓட்டினார்கள். 1991க்குப் பிறகு உதிரிபாகமும் எரிபொருளும் எட்டாமல் அவை துருப்பிடித்தன. அரசு மாணவர்களையும் ஆசிரியர்களையும் மருத்துவமனை ஊழியர்களையும் கட்டாயப்படுத்தி வயலில் இறக்கி மறுபடி கையால் எடுக்கவைத்தது. உலகின் பெரிய துணி நிறுவனங்கள் அந்நாட்டுப் பருத்தியைப் புறக்கணித்து, 2022 மார்ச்சில்தான் அந்தப் புறக்கணிப்பு விலக்கப்பட்டது.

கரிசல் மருமகள் அவர்களுக்கு: பரணில் இருக்கும் அந்தக் கைக்கருவியை விற்கும் எண்ணம் உங்கள் தம்பிக்கு இருந்தால் தெரிவியுங்கள். பற்கள் எந்த இடைவெளியில் வைத்திருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது.


மறுமொழி 6: கரிசல் மருமகள், நாகர்கோவில்

விற்கத் தேவையில்லை ஐயா, சித்திரையில் ஊருக்குப் போகிறேன், எடுத்துவந்து காட்டுகிறேன். பேட்டரி போய்விட்டது என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.